வீச்சு வலைக்கு ஈயமணி வீட்டிலேயே வார்க்க: குறைந்த செலவில் என்னென்ன வாங்கணும்?

முகத்துவாரம் (கேள்வி)

வீச்சு வலைக்கு ஈயமணியும், கரையிலிருந்து வீசும் தூண்டிலுக்கு 60 கிராம் குண்டும் வீட்டிலேயே வார்த்துக்கொள்ள எண்ணம். டயர் கடையில் கழித்துப் போட்ட வீல் பேலன்ஸ் எடை 12 கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். தரம் பிரிக்கவில்லை. கிளிப், கிரீஸ், ஸ்டிக்கர் பசை எல்லாம் அதிலேயே இருக்கிறது. பழைய அலுமினியக் குண்டான் ஒன்றும் எவர்சில்வர் கரண்டி ஒன்றும் உண்டு. அடுப்பு இனிமேல்தான் வாங்கணும். வேலை செய்ய இடம் மொட்டை மாடி.

சந்தேகங்கள்: குண்டான் தாங்குமா? எந்த அடுப்பு போதும்? அச்சை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்யலாமா? காயலான் கடையில் பேட்டரித் தகடு மலிவாகத் தருகிறேன் என்கிறார்கள், எடுக்கலாமா? மொத்தமும் 5,000 ரூபாய்க்குள் அடங்கினால் நல்லது.

துருத்தி

குண்டானை முதலில் ஒதுக்கி வையுங்கள். அலுமினியம் உருக 660 டிகிரி, ஈயம் 327-லேயே உருகிவிடும், அப்புறம் என்ன பயம் என்றுதான் தோன்றும். ஆனால் 350, 400 டிகிரியிலேயே அலுமினியத்தின் பலத்தில் பெரும்பகுதி போய்விடும். தீ நேராகப் படும் அடிப்பக்கம் அதைவிடச் சூடு. உள்ளே இருக்கும் எடைக்கு அடி தொங்கும், இல்லாவிட்டால் நகர்த்தும்போது காது பிய்ந்து கையோடு வரும். பாத்திரம் இரும்பாகத்தான் இருக்க வேண்டும்.

அதுவும் அகலமான வாணலி வேண்டாம். 5 கிலோ ஈயம் வெறும் 440 மில்லிதான், அரை லிட்டர் சொம்புகூட நிறையாது. வாணலியில் அது விரல் பருமனுக்குப் பரந்து கிடக்கும். கரண்டி முங்காது, காற்றுப் படும் பரப்பு கூடுவதால் கசடும் கூடும். வெல்டிங் பட்டறையில் 4 இன்ச் எம்.எஸ். (சாதா இரும்பு) பைப்பில் 12 செ.மீ. துண்டு வெட்டி, அடிக்கு 6 மி.மீ. தகடு வைத்துச் சுற்றிலும் விடாமல் வெல்டு அடிக்கச் சொல்லுங்கள். துண்டுப் பைப்பாகக் கிடைத்தால் செலவு சொற்பம். இதில் 5 கிலோ ஊற்றினால் 5 செ.மீ. ஆழம் நிற்கும், மேலே 7 செ.மீ. காலி. ஜி.ஐ. பைப் கூடவே கூடாது, அதன் பூச்சு துத்தநாகம். வெல்டு ஆனதும் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கசிவு பாருங்கள், பிறகு அடுப்பில் வெறுமனே சுட்டு நன்றாக உலர்த்துங்கள். தகரத்தில் ஒரு மூடியும் இருக்கட்டும்.

அடுப்பைப் பற்றிப் பலருக்கும் வீண் பயம், பெரிய உலை வேண்டும் என்று. 5 கிலோ ஈயத்தை அறைச் சூட்டிலிருந்து 390 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 350 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதைவிடச் சற்றுத்தான் அதிகம். கிட்டத்தட்ட அதே அளவு சூட்டை அந்த இரும்புப் பாத்திரமும் குடிக்கும். 1000 வாட் மின்சாரக் காயில் அடுப்பில் முக்கால் மணி நேரம் ஆகும், 2000 வாட்டில் அதில் பாதி. சுற்றிலும் தகரத்தை வளைத்துக் காற்று மறைப்பு வைத்தால் நேரம் இன்னும் குறையும். கேட்டரிங் பர்னர் வேகமானதுதான், ஆனால் கண் அசந்த நேரத்தில் 500-ஐத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில்தான் ஈயம் ஆவியாவதைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்குக் காயில் அடுப்பே மேல்.

அடுப்பின் கால் உறுதியா என்று ஈயம் ஏற்றுவதற்கு முன்பே பாருங்கள். மேலே இரண்டு செங்கல் வைத்து ஆட்டினாலே தெரிந்துவிடும். அடுப்பு, அச்சு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு இரும்புத் தகடு, அதன்மேல் வெயிலில் காய்ந்த மணல் இரண்டு விரல் உயரம். வெறும் காங்கிரீட்டில் ஈயம் சிந்தினால் தளத்துக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி மேல்பூச்சை வெடித்துக் கிளப்பும்.

மொட்டை மாடி காற்றோட்டத்துக்கு நல்லது. ஆனால் அதே மாடியில் வடாம், வற்றல் காய்கிறதா, துணி உலர்த்துகிறீர்களா? அப்படியானால் வேறு இடம் பாருங்கள்.

5,000 ரூபாயில் பாதியை முகமூடிக்கும் வெப்பமானிக்கும் வையுங்கள். வெப்பமானி என்றால் கே டைப் தெர்மோகப்பிள், உள்ளே முக்கும் கம்பி வகை. துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ராரெட் வகை பளபளப்பான ஈயத்தில் நூறு டிகிரிக்கு மேலேயே குறைத்துக் காட்டும், அதை நம்பிச் சூடு ஏற்றினால் கெட்டது.

பழைய_இரும்பு

பேட்டரித் தகடு வேண்டாம். காசே கொடுத்தாலும் வேண்டாம். தகட்டில் அப்பியிருக்கும் பசை ஈய சல்பேட்டும் ஈய ஆக்சைடும், வீட்டுச் சூட்டில் அது உருகாது, கசடாகவே நிற்கும். உருகுவது உள்ளிருக்கும் மெல்லிய வலை மட்டும். ஆகவே மலிவு என்பதே பொய்க் கணக்கு. அந்த வலையில் கால்சியம், ஆன்டிமனி, ஆர்சனிக் கலந்திருக்கும். அதன் கசடில் ஈரம் பட்டால் ஆர்சீன், ஸ்டிபீன் என்ற வாயுக்கள் கிளம்பும், இரண்டும் ஆளைக் கொல்லும் ரகம். ஊறிய அமிலம் வேறு. பழைய பேட்டரி பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் போக வேண்டும் என்று 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் சொல்கின்றன.

வீல் எடைகளில் ஈயத்தோடு இரும்பும் துத்தநாகமும் கலந்து கிடக்கும். பிரிக்கும் முறை: முதலில் காந்தம். முழுதாக ஒட்டிக்கொள்வது இரும்பு, தனியே போடுங்கள். கிளிப் மட்டும் ஒட்டினால் அடுத்த சோதனைக்கு. கட்டிங் பிளேயரால் ஓரத்தைக் கடியுங்கள். ஈயத்தில் பல் வெண்ணெய் மாதிரி இறங்கும், துத்தநாகத்தில் வழுக்கும். சிமெண்டுத் தரையில் போட்டால் ஈயம் ‘தொப்’பென்று விழும், துத்தநாகம் ‘கிணிங்’ என்று ஒலிக்கும். ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்க்க 12 கிலோவுக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். நாலைந்து துத்தநாகத் துண்டு கரைந்தாலே மொத்தப் பாத்திரமும் கூழாகிவிடும். மேற்பரப்பு பாலாடை கட்டிய மாதிரி இருக்கும், அச்சில் ஓடாது. அதை வீட்டில் சரிசெய்ய வழியில்லை.

கண்ணுக்குத் தப்பியது இருந்தாலும் ஒரு காப்பு உண்டு. துத்தநாகம் உருக 419 டிகிரி. 360-ஐத் தாண்டாமல் மெதுவாக உருக்கினால் அது முழுசாகவே மேலே மிதக்கும், கிளிப்போடு சேர்த்து அள்ளி எறியலாம்.

ஒட்டும் வகை எடை ஏறக்குறைய சுத்த ஈயம், நகத்தால் கீறினாலே கோடு விழும். கிளிப் வகையில் ஆன்டிமனி கொஞ்சம் இருப்பதால் கடினம். இரண்டையும் தனித்தனியாக உருக்குங்கள். கயிற்றில் சுற்றி நசுக்கும் ஈயத்துக்கு மெத்தென்ற வகை வேண்டும், இறுகினது விரிசல் விடும். கோக்கும் மணிக்கும் தூண்டில் குண்டுக்கும் எதுவானாலும் சரி.

இன்னொன்று, கடையில் வெறுமனே ‘ஈயம்’ என்று கேட்காதீர்கள். ரசத்துக்கு வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். உங்களுக்கு வேண்டியது காரீயம். வெள்ளீயத்தின் விலை பத்து மடங்குக்கும் மேல். விலையைவிடப் பெரிய ஆபத்து இதன் மறுபக்கம்: காரீயம் உருக்கிய எந்தப் பாத்திரமும் கரண்டியும் சமையலறைப் பக்கம் திரும்பக் கூடாது. சிவப்புப் பெயிண்ட் அடித்து வையுங்கள்.

துருத்தி

மேலே சொன்னதோடு சேர்த்து: அழுக்கு ஈயத்தை உருக்கிக் கட்டி போடுவது ஒரு நாள் வேலை, அந்தக் கட்டியை வைத்து வார்ப்பது இன்னொரு நாள் வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால்தான் எல்லாக் கோளாறும் வரும். கிரீஸ் புகை, கசடு, ஈரம் எல்லாம் முதல் நாளோடு போய்விட வேண்டும்.

முதல் நாள். எடைகளை இரண்டு நாள் வெயிலில் காயப் போட்டு, குளிர்ந்த பாத்திரத்தில் நிரப்பிப் பிறகு அடுப்பை ஏற்றுங்கள். உருகிய ஈயத்தில் புதுத் துண்டைப் போடவே கூடாது. கிளிப் இடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்து, அது ஈயத்துக்கு அடியில் போனால் 1,600 மடங்குக்கு மேல் விரிந்து ஆவியாகும். பாத்திரத்தில் இருப்பதெல்லாம் முகத்துக்கு வரும். மேலே விழும் வியர்வைத் துளி ‘சுர்’ரென்று போய்விடும், அடியில் சிக்கும் ஈரம்தான் வெடிக்கும். இந்த வித்தியாசம் மனதில் இருக்கட்டும். பாத்திரம் ஒழிந்து ஆறின பிறகுதான் அடுத்த சுற்று. 12 கிலோவுக்கு மூன்று சுற்று வரும்.

உருகியதும் கிளிப்புகளைக் கண் கரண்டியால் அள்ளுங்கள். அடுத்து, கசடு பிரிய கோலிகுண்டு அளவு மெழுகு. அது புகையும், அந்தப் புகையை நீளமான தீக்குச்சியால் பற்ற வைத்துவிட்டால் எரிந்து அடங்கும். காய்ந்த மரக்குச்சியால் அடியும் ஓரமும் சுரண்டி இரண்டு நிமிடம் கலக்குங்கள். மேலே வரும் சாம்பல் நிறத் தூளை மட்டும் எடுங்கள். கலக்காமல் அள்ளினால் நல்ல ஈயமும் அதோடு போகும்.

கட்டி போட 40 மி.மீ. எல் ஆங்கிள், 5 மி.மீ. கனம், 15 செ.மீ. நீளம், இரண்டு முனையும் அடைத்து வெல்டு. முக்கால்வாசிக்கு மேல் ஊற்றினால் 900 கிராம் அளவில் கட்டி விழும். வெல்டிங் செலவு வேண்டாமென்றால் வார்ப்பிரும்பு குழிப்பணியாரக் கல் ஒன்றைப் பழைய கடையில் பிடியுங்கள். 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. ஆழமுள்ள குழி ஒன்றுக்கு 270 கிராம். நான்ஸ்டிக் கல் கூடாது. எதுவானாலும் ஊற்றுவதற்கு முன் அடுப்பில் சூடேற்றிய பிறகே. குளிர்ந்த இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும், அதிகாலைப் பனியில் கேட்கவே வேண்டாம்.

பாத்திரத்தைத் தூக்கிச் சாய்த்து ஊற்ற வேண்டாம். கரண்டியால் மொண்டு ஊற்றுங்கள். உங்கள் எவர்சில்வர் கரண்டி, பிடி ரிவெட் அடித்ததானால் போதும். பொட்டு வெல்டு வைத்ததானால் இரும்புக் கரண்டி வாங்கிவிடுங்கள். 100 மில்லி கரண்டியில் 1.1 கிலோ நிற்கும், கைக்கு எடை தெரியும்.

வேலை முடியும்போது அடியில் நிறைய ஈயத்தை உறைய விடாதீர்கள். அடுத்த முறை அடி முதலில் உருகி, மேல் ஓடு கெட்டியாகவே இருந்து, அழுத்தத்தில் ஓட்டைப் பிளந்து பீய்ச்சும். முடிந்தவரை மொண்டு தீர்த்துவிடுங்கள்.

அச்சுப்பட்டறை

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மலிவுதான், ஆனால் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே தண்ணீர் பிடித்து வைத்திருக்கும். கலவையில் சேர்ந்த நீர் போக ஒரு நாள் முழுக்க 150 டிகிரிக்கு மேல் சுட வேண்டும், சுட்டதும் விரிசல் விடும், பத்துப் பதினைந்து ஊற்றில் உதிரும். முதல் அச்சுக்கு அது வேண்டாம்.

அலுமினியப் பட்டை இரண்டு வாங்குங்கள், 25 மி.மீ. கனம், 50 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளம். லேத் பட்டறைகளில் துண்டுப் பொருளாக எடைக்கு விற்பார்கள். இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து சி கிளாம்பில் இறுக்கி, பக்கவாட்டில் 6 மி.மீ. துளை இரண்டு போட்டு, வழிகாட்டும் ஊசிக்கு 6 மி.மீ. கம்பி அடித்துவிடுங்கள். அச்சு தினமும் ஒரே இடத்தில் வந்து உட்கார அதுதான் வழி.

இப்போது இணைப்புக் கோட்டின் மேல் நேர் மேலிருந்து துளை. சென்டர் பஞ்ச் அடிக்காமல் பிட்டை வைத்தால் அது ஒரு பக்கமாக நழுவும், மணி ஒரு பாதியிலேயே ஒட்டிக்கொள்ளும். முதலில் 4 மி.மீ. பிட்டால் 30 மி.மீ. ஆழம். அதே துளையில் 10 மி.மீ. பிட்டால் 20 மி.மீ. ஆழம். அடியில் மிஞ்சும் 4 மி.மீ. துளையில் ஒரு எம்.எஸ். கம்பியைச் செருகினால் நடுத்துளைக்கான கரு தயார். வாய்ப்பக்கத்தை 16 மி.மீ. பிட்டால் கொஞ்சம் புனல் மாதிரி விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பியைச் சுற்றியுள்ள 3 மி.மீ. இடைவெளியில் ஊற்ற முடியாது. இதில் விழும் மணி 15 கிராம். 3 கிலோ கட்டும் வலைக்கு 200 மணி. 100 மி.மீ. நீளத்தில் நாலு குழி தாராளமாகப் போகும், ஆக 50 ஊற்று.

தூண்டில் குண்டுக்கு 12 மி.மீ. துளை, 47 மி.மீ. ஆழம், கரு இல்லாமல். 60 கிராம் சுமாராக வரும். நரம்பு கட்டும் கண்ணிக்கு 1.2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியை மடக்கி, உள்ளே போகும் முனைகளைக் கொக்கியாக வளைத்து, வாயில் தொங்கவிட்டு ஊற்றுங்கள். நேராக விட்டால் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வரும்.

காற்று வெளியேற இணைப்பு முகத்தில் குழியிலிருந்து வெளிப்பக்கமாக ஊசிமுனையால் மெல்லிய கீறல் இரண்டு. முடி அளவு போதும். ஆழமாகக் கீறினால் அதில் ஈயமும் ஓடி மீசை மாதிரி நிற்கும். அச்சின் உட்புறத்தையும் கருக்கம்பியையும் மண்ணெண்ணெய் விளக்கில் காட்டிக் கருப்பாகப் புகை பிடிக்க விடுங்கள். ஈயம் ஒட்டாது, ஓட்டமும் நன்றாயிருக்கும். மெல்லிய படலம் போதும், கட்டியாகப் படிந்தால் அந்தத் தடம் மணியில் தெரியும்.

முகத்துவாரம்

விளக்கத்துக்கு நன்றி. கட்டி போட்டாயிற்று, அச்சும் தயார். வார்க்கும்போது மணியில் சுருக்கம் விழுகிறது, சிலவற்றில் அடிப்பக்கம் நிறையவே இல்லை. வெப்பமானி 370 காட்டுகிறது. இன்னும் சூடேற்றலாமா?

அச்சுப்பட்டறை

ஈயத்தை ஏற்றாதீர்கள், அச்சை ஏற்றுங்கள். சுருக்கம் என்றால் அச்சு குளிர்ச்சி. அடுப்போரத்தில் வைத்து, ஒரு தீக்குச்சியின் மரமுனையை அச்சில் அழுத்தினால் அழுத்திய இடம் லேசாகப் பழுப்பேறும் வரை சூடாகட்டும். அதன் பிறகும் முதல் ஐந்தாறு ஊற்று வீணாகும், அப்படியே பாத்திரத்துக்கே திரும்பட்டும். ஆனால் அச்சிலிருந்து சுடச்சுட எடுத்ததையே போடுங்கள், தரையில் விழுந்து ஆறினதை அடுத்த சுற்றுக்கு வையுங்கள்.

அடி நிறையாததற்குக் காரணம் வேறு, காற்றுக்குப் போக்கு இல்லை. அடிப்பக்கத்திலிருந்து ஒரு கீறல் கூடுதலாகப் போட்டு, கரண்டி மூக்கைக் குழியின் ஒரு பக்கமாக வைத்து ஊற்றுங்கள். நடுவில் ஊற்றினால் காற்று வெளியே வர வழியே இல்லை. இழை அறாமல் ஒரே ஊற்றாக இருக்க வேண்டும். புனல் நிறையும் வரை ஊற்றுங்கள், உறையும்போது ஈயம் 3 சதவீதத்துக்கு மேல் சுருங்கும், புனலில் நிற்பது அதற்கான கையிருப்பு. மேலே குழி விழுந்தால் புனலைப் பெரிதாக்குங்கள்.

மணி முழுக்க உறைபனி பூத்த மாதிரி மங்கலாக வந்தால் அச்சு அளவுக்கு மீறிச் சூடு, ஒரு நிமிடம் திறந்து வையுங்கள். வலைமணிக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் உறைய நேரமாகும். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே குழம்பாக இருப்பது கையில் கொட்டும். கருக்கம்பியை மணி முழுக்க ஆறுவதற்கு முன், இளஞ்சூட்டிலேயே முறுக்கி உருவுங்கள். ஆறிவிட்டால் ஈயம் கம்பியைக் கவ்விக்கொள்ளும், சுத்தியலால் தட்டினால் துளை கோணும்.

கசடு எடுத்த ஈயத்தின் முகம் வெள்ளியாக நிற்க வேண்டும். எடுத்த சில நொடியிலேயே மஞ்சளும் ஊதாவுமாக நிறம் ஓடினால் வெப்பமானி என்ன சொன்னாலும் சூடு அதிகம், அடுப்பைக் குறையுங்கள்.

நீலக்கரை

யாரும் விரிவாகத் தொடாத பகுதி உடம்புக்கான பாதுகாப்பு. 400 டிகிரிக்குக் கீழே ஆவி பெரிய விஷயமில்லை. உடம்புக்குள் போவது பெரும்பாலும் அந்தச் சாம்பல் நிறக் கசடுத் தூள்தான். வாய் வழியாக, கை வழியாக, சட்டை வழியாக. ஆகவே கசடை அள்ளும் நேரத்திலும் கொட்டும் நேரத்திலும்தான் முகமூடி கட்டாயம். துணி மாஸ்க் பயனில்லை. இரண்டு பக்கமும் பி100 (நுண்தூளைத் தடுக்கும் ரகம்) வடிகட்டி போட்ட ரப்பர் அரை முகமூடி வாங்குங்கள். தாடி இருந்தால் விளிம்பு படியாது, ஓரத்தில் தூள் புகும்.

கண்ணுக்கு முழு முகக் கவசம், முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை. செருப்பு கூடாது, மூடிய தோல் ஷூ. பேன்ட் ஷூவுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் தெறித்த ஈயம் நேராகக் காலுக்குள் இறங்கும். பாலியஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டும்.

வேலை நடக்கும்போது பீடி, டீ, வெற்றிலை எதுவும் வேண்டாம். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை, முகம் கழுவி, அந்த உடுப்பைத் தனியே துவைத்து, பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். வீட்டில் சிறு பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால் இந்த வேலையையே வீட்டை விட்டு வெளியே வையுங்கள். இடத்தை விளக்குமாறால் பெருக்கினால் தூள் கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள், அடுப்பு முழுக்க ஆறின பிறகு.

வெல்லம் தின்றால், வாழைப்பழம் தின்றால், பால் குடித்தால் தூசி இறங்கிவிடும் என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. ஈயம் அப்படி இறங்காது. ரத்தத்தில் பாதியளவு குறையவே ஒரு மாதம் போல ஆகும், எலும்பில் சேர்ந்தது பல வருடம் இருக்கும். அடிக்கடி வார்ப்பதானால் ஆண்டுக்கு ஒரு முறை ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டுதல். குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது.

கசடை இறுக மூடும் பெயிண்ட் டப்பாவில் போட்டு மேலே எழுதி வையுங்கள். தென்னை மரத்தடியில், சாக்கடையில், கிணற்றோரம் கொட்டக் கூடாது. டப்பா நிறைந்ததும் பேட்டரி வாங்கும் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கேளுங்கள், அதில் ஈயம் நிறைய இருப்பதால் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

பழைய_இரும்பு

மீதி விஷயம் ஒன்று: பிரித்ததில் ஒதுங்கிய இரும்பு எடைகளைத் தூக்கிப் போடாதீர்கள். பாறைப் பக்கம் வீசும் தூண்டிலுக்கு அதையே மெல்லிய நரம்பில் கட்டிவிடலாம். பாறையில் சிக்கி அறுந்து போகிற இடத்தில் வார்த்த ஈயத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவானேன். துருப்பிடித்த நட்டும் அதே வேலையைச் செய்யும்.